பொன்செல்வி எழுதிய ஒப்புதல் படிவம்

கேமரா ஓடத் தொடங்கி நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. ஒன்பதாம் பக்கத்தில் விரலை ஊன்றிக்கொண்டு பிச்சைக்கனி நிமிர்ந்து பார்த்தார்.

“சிஸ்டர், இதுல போலி மருந்துன்னு போட்டிருக்கு. எனக்குப் போலி மருந்தா குடுக்கப் போறிய?”

பொன்செல்வி அந்தப் பக்கத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள். திருவனந்தபுரத்தில் ஒரு தனியார் புற்றுநோய் மருத்துவமனையில் அவள் மருந்தாராய்ச்சி ஒருங்கிணைப்பாளர். பொருத்தமான நோயாளியைத் தேடிப் பிடிப்பது, ஆராய்ச்சி என்னவென்று விளக்குவது, கையெழுத்து வாங்குவது, இரத்தம் எடுத்த நேரத்தை நிமிடம் பிசகாமல் குறித்துவைப்பது, வெளிநாட்டு மருந்துக் கம்பெனியின் ஆள் வந்து குடைந்து குடைந்து கேட்கும்போது பதில் சொல்வது எல்லாம் அவள் தலையில்தான். மலையாளப் படிவமும் ஆங்கிலப் படிவமும் அவளுக்கு மனப்பாடம். தமிழ்ப் படிவம் மட்டும் ஏழு மாதமாக இரும்பு அலமாரியில் படுத்துக் கிடந்தது. தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரிந்த நோயாளி அதுவரை யாரும் வரவில்லை. அதனால் யாரும் அதைப் பிரித்துப் பார்க்கவில்லை. அவளும் பார்க்கவில்லை.

“அது போலி இல்ல அண்ணாச்சி. நான் பறயறதக் கேளுங்க. பாதிப் பேருக்குப் புது மாத்திரை. பாதிப் பேருக்கு அதே நிறத்துல, அதே சைஸ்ல வேற மாத்திரை. அதுல மருந்து இருக்காது. ரெண்டு கூட்டத்தையும் ஒத்துப் பாக்கறதுக்காக.”

“மருந்து இல்லாத மாத்திரைக்குப் பேரு என்ன?”

“பிளாசிபோ.”

“தமிழ்ல?”

அவள் படிவத்தில் வேறு சொல் இருக்கிறதா என்று தேடினாள். அதற்குள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி மாடம்மாள் கேமராவை மறைத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

“எந்திரிங்க நீங்க. போலி மாத்திரை வித்தவன எங்கூர்ல போலீசு புடிச்சிட்டுப் போச்சு. இங்க ஆஸ்பத்திரியிலேயே வச்சுக் குடுக்காவ. அதைப் படம் வேற புடிக்காவ!”

இருவரும் போய்விட்டார்கள். புது மருந்து ஆராய்ச்சியில் இப்படிப்பட்ட ஏழை நோயாளியின் சம்மதத்தைப் படம் பிடித்து வைக்கவேண்டும் என்பது விதி. ஆகவே மாடம்மாளின் புடவை முந்தானை, காலி நாற்காலி இரண்டு, தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கும் பொன்செல்வி எல்லாம் அழிக்கமுடியாத பதிவாகக் கணினியில் சேர்ந்தன.

பிச்சைக்கனி தம்பானூரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு ஹோட்டலில் முப்பத்தொரு வருடமாகப் பரோட்டா மாஸ்டர். சுரண்டைப் பக்கத்துக்காரர். மலையாளம் பேசுவது அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு, ஆனால் ஒரு எழுத்து வாசிக்கத் தெரியாது. தமிழை எழுத்துக் கூட்டி, உதடு அசைய, நிதானமாக வாசிப்பார். ஒன்றரை வருடத்துக்கு முன் சிறுநீர் போவதில் சிரமம் என்று வந்தவருக்குப் புரோஸ்டேட்டில் புற்றுநோய் என்றும், அது இடுப்பு எலும்பில் இரண்டு இடத்தில் ஒட்டியிருக்கிறது என்றும் தெரிந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஹார்மோன் ஊசி போட்டார்கள். இரத்தத்தில் நோயைக் காட்டும் பி.எஸ்.ஏ. என்ற அளவு மளமளவென்று இறங்கியது. அவரும் பரோட்டாக் கல் முன்னால் போய் நின்றுவிட்டார். இந்த வருடம் மே மாதத்திலிருந்து அந்த அளவு மறுபடி ஏறத் தொடங்கியது. நான்கு, ஒன்பது, இருபத்திரண்டு.

ஊசி மட்டும் இனிப் போதாது. அதோடு ஏற்கனவே வழக்கத்தில் உள்ள ஒரு மாத்திரையைச் சேர்க்கவேண்டும். அந்த இரண்டுக்கும் மேலே, இன்னும் கடைக்கு வராத ஒரு புது மாத்திரையையும் சேர்த்தால் நோய் கூடுதல் காலம் அடங்கியிருக்குமா என்பதுதான் ஆராய்ச்சி. பதினான்கு நாட்டில் நடக்கிறது. பிச்சைக்கனி அதற்கென்றே அளந்து செய்த ஆள் மாதிரி இருந்தார். சிறுநீரகம் சுத்தம், சர்க்கரை இல்லை, இதயம் திடம்.

அவர் போன பிறகு பொன்செல்வி டாக்டர் அனுஷாவின் அறைக்குப் போனாள். இந்த மருத்துவமனையில் ஆராய்ச்சிக்குப் பொறுப்பு அவர்தான்.

“பொன்செல்வி, நான் ஒரு மாசம்தான் காத்திருப்பேன்,” என்றார் டாக்டர். “அதுக்கு மேல அந்தாளைச் சும்மா வெச்சிருக்க முடியாது. ஆராய்ச்சியில சேர்ந்தாலும் சேரலைன்னாலும் மாத்திரை தொடங்கியே தீரணும். அதுக்குள்ள உங்க தமிழை ஷெரியாக்குங்க.”

உங்க தமிழ்! பொன்செல்விக்குச் சுருக்கென்றது. அவள் எழுதினாளா அதை?

ஞாயிற்றுக்கிழமை காலை நெடுமங்காட்டில் தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அதை விரித்து வைத்து முதல் பக்கத்திலிருந்து வாசித்தாள். இருபத்தாறு பக்கம். எங்கோ ஓர் ஊரில் ஏதோ ஒரு நிறுவனம் மொழிபெயர்த்தது. ‘தாங்கள் சீரற்றதாக்கப்பட்டு இரு கரங்களுள் ஒன்றில் வைக்கப்படுவீர்கள்’ என்றது நான்காம் பக்கம். ‘இது ஓர் இரட்டைக் குருட்டு ஆய்வு. இதில் தாங்களும் தங்கள் மருத்துவரும் குருடாக்கப்படுவீர்கள்’ என்றது ஐந்தாம் பக்கம். பொன்செல்வி பேனாவை மேசையில் வீசினாள்.

தேங்காய் துருவிக்கொண்டிருந்த அவள் கணவன் சஜி திரும்பிப் பார்த்தான். பஸ் டிப்போவில் மெக்கானிக். தமிழ் புரியும், பேசவும் பேசுவான்.

“எந்தா?”

“மாத்திரை தின்னா டாக்டருக்கும் கண்ணு போகும்னு எழுதி வெச்சிருக்கு.”

“சத்தியமா?”

“எந்த மாத்திரைன்னு ரெண்டு பேருக்கும் தெரியாதுங்கறதைத்தான் இப்படி எழுதியிருக்கான்.”

சஜி சிரித்த சிரிப்பில் துருவிய தேங்காய் தரையில் சிந்தியது. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பத்தொன்பதாம் பக்கத்தைக் காலை பதினொரு மணிவரை மூன்று தடவை வாசித்தும் அது என்ன சொல்கிறது என்று அவளுக்கே விளங்கவில்லை.

தமிழ் அவளுக்குக் குறுக்குவழியில் வந்த மொழி. பிறந்து வளர்ந்தது போனக்காடு எஸ்டேட்டில். அப்பா அம்மா இரண்டு பேரும் தேயிலைத் தொழிலாளிகள். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். தமிழ் எழுத்துகளை அவள் கற்றுக்கொண்டது ஞாயிற்றுக்கிழமைக் கோயில் பாட்டுப் புத்தகத்தில். அதனால் கிருபை, இரட்சிப்பு என்றால் கண்ணில் பட்டதும் வாசித்துவிடுவாள், கல்லீரல் நொதி என்றால் நின்று மூச்சு வாங்குவாள். ஆனால் இரண்டு மொழிக்கு நடுவில் நிற்பது அவளுக்குப் பன்னிரண்டு வயதிலேயே வந்துவிட்ட வேலை. எஸ்டேட்டிலிருந்து எந்தப் பெண் மலையிறங்கி ஆஸ்பத்திரிக்குப் போனாலும் பொன்செல்வியைக் கூட்டிக்கொண்டு போவார்கள். ஒருமுறை பக்கத்து லயத்து வரிசைவீட்டு அக்கா “தலை கிறுக்குது” என்றாள். தலை சுற்றுகிறது என்று அர்த்தம். பொன்செல்வி அவசரத்தில் கிறுக்கு என்ற சொல்லை அப்படியே மலையாளத்தில் தூக்கிப் போட்டாள். டாக்டர் அந்த அக்காவை மேலும் கீழும் பார்த்துவிட்டு மனநல மருத்துவருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அந்த அக்கா சாகும்வரை அதைச் சொல்லிக் காட்டினாள். கூடப் படித்தவர்கள் நர்சிங் முடித்து வளைகுடாவுக்குப் பறந்தபோது பொன்செல்வி இங்கேயே எட்டு வருடம் வார்டில் உழைத்து, பிறகு இந்த ஆராய்ச்சி வேலைக்கு வந்தாள். ஒரு தவறான சொல் ஒருத்தரை எந்த அறை வாசலில் கொண்டுபோய் நிறுத்தும் என்பது அவளுக்குத் தெரியும்.

திங்கட்கிழமை கம்பெனிக்கு எழுதினாள். பதில் இரண்டே நாளில் வந்தது, அதுவே ஆச்சரியம். ஒப்புதல் பெற்ற படிவத்தில் ஒரு புள்ளியைக்கூட மாற்ற முடியாது. மாற்றவேண்டுமானால் புதிய மொழிபெயர்ப்பு, தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளரின் சான்றிதழ், அதை வேறொருவர் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய்ச் சரிபார்த்த சான்றிதழ், பிறகு மருத்துவமனையின் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல். ‘இந்தச் சிறு விஷயத்தைத் தெரிவித்ததற்கு நன்றி’ என்று முடிந்திருந்தது கடிதம். பொன்செல்வி அந்தக் கடைசி வரியைச் சத்தமாக வாசித்துவிட்டு, யாருமில்லாத அறையில், “சிறு விஷயமா?” என்று கேட்டாள்.

நெறிமுறைக் குழுவில் மருத்துவம் படிக்காத பொது உறுப்பினர் ஒருவராவது இருக்கவேண்டும். இங்கே அப்படி இருப்பவர்களில் ஒருவர் சாம்பசிவன். மாவட்ட நீதிமன்றத்தில் முப்பது வருடம் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவர், தமிழ், மலையாளம், ஆங்கிலம் மூன்றிலும் சான்றிதழ் உள்ளவர். பொன்செல்வி அன்று சாயங்காலமே ஸ்ரீவராகத்தில் அவர் வீட்டுக்குப் போனாள். மழைத்தண்ணீர் கட்டியிருந்த தெருவில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கவேண்டியிருந்தது.

சாம்பசிவன் படிவத்தை மூக்குக்கு நேரே பிடித்து வாசித்தார். ஐந்தாம் பக்கத்தில் நின்றார்.

“இதை யாரு பாஸ் பண்ணினா?”

“நீங்கதான் சார். டிசம்பர் மீட்டிங்ல. உங்க கையெழுத்து இருக்கு.”

“எனக்கு மலையாளம் மட்டும்தான் அனுப்பினா. தமிழ் இருக்குன்னு சொன்னா, சரின்னேன். நான் கேக்கலை, அவா குடுக்கலை.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் காது சிவந்திருந்தது. “மாத்தலாம். நான் பாத்துத் தரேன். ஆனா கேட்டியோ பொன்செல்வி, முதல்ல நீ எழுதணும். நோயாளிகிட்ட நீதானே பேசறே. நீ பேசறாப்புல எழுது. தப்பை நான் திருத்தறேன்.”

சொன்னது எளிது. அடுத்த ஒன்பது நாள் அவள் உயிரை எடுத்தார் மனிதர்.

வேலை முடிந்து ஸ்ரீவராகத்துக்கு ஓடுவாள். முந்தின நாள் எழுதியதைச் சிவப்பு மையில் குளிப்பாட்டி வைத்திருப்பார். “‘டாக்டர் உங்களைப் பாத்துக்குவார்’னு எழுதியிருக்கே. பாத்துக்குவார்னா என்ன அர்த்தம்? சிகிச்சை குடுப்பாரா, சும்மா பாத்துண்டு நிப்பாரா? கோர்ட்ல இது நிக்காது.”

“இது கோர்ட் இல்லல்லோ சார்!”

“நாளைக்கே ஒருத்தன் கேஸ் போட்டா?”

“கேஸ் போடறதுக்கு முன்னாடி அவருக்குப் புரியணும்ல?”

‘இரண்டு கரங்கள்’ ‘இரண்டு குழுக்கள்’ ஆயிற்று. ‘சீரற்றதாக்கப்பட்டு’ என்பதற்கு மட்டும் ஒரு முழு மாலை போயிற்று. கடைசியில் ‘நீங்கள் எந்தக் குழு என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கல் முறையில் முடிவு செய்யும், அதை டாக்டராலும் மாற்ற முடியாது’ என்று இறங்கி வந்தார். பிளாசிபோவில்தான் யுத்தம். ‘மருந்துப் போலி’ என்பதே சரியான கலைச்சொல் என்று நின்றார் சாம்பசிவன். போலி என்ற சொல் இருக்கும்வரை தம்பானூரிலிருந்து ஒருத்தரும் வரமாட்டார் என்று நின்றாள் பொன்செல்வி. குரல் உயர்ந்ததும் சமையலறையிலிருந்து அவர் மனைவி சீதாலக்ஷ்மி காபி டம்ளரோடு வந்தாள்.

“மருந்து சேக்காத மாத்திரைன்னு எழுதினா என்ன குறைஞ்சு போயிடும்? கலைச்சொல்லாம் கலைச்சொல். அந்த மனுஷனுக்கு என்ன, பரீட்சையா எழுதப் போறார்?”

சாம்பசிவன் மனைவியையும் படிவத்தையும் மாறி மாறிப் பார்த்தார். சிவப்புப் பேனாவால் ‘மருந்து சேர்க்காத மாத்திரை’ என்று எழுதினார். அவர் முகம் பேதி மருந்து குடித்தவர் மாதிரி இருந்தது.

பத்தொன்பதாம் பக்கத்துக்கு வந்தார்கள். ‘உயிர்த்திசு மாதிரி பெறல் இரு தடவைகள் நிகழ்த்தப்படும்’ என்றது பழைய படிவம். பயாப்ஸி. புது மாத்திரை கட்டிக்குள் என்ன செய்கிறது என்று பார்க்க, தொடக்கத்தில் ஒருமுறை, நான்காம் மாதம் ஒருமுறை புரோஸ்டேட்டிலிருந்து சதை எடுப்பார்கள். பொன்செல்வி இதை ஒரே மூச்சில் எழுதினாள்: ‘நோயைக் கண்டுபிடிக்கும்போது உங்களுக்குப் பின்வழியாக ஊசி விட்டுச் சதை எடுத்தார்கள் அல்லவா, அதே சோதனையை இன்னும் இரண்டு முறை செய்வோம். மரத்துப்போக மருந்து கொடுப்போம். இருந்தாலும் வலி இருக்கலாம், சில நாள் சிறுநீரில் இரத்தம் வரலாம்.’

சாம்பசிவன் வாசித்துவிட்டு முதன்முதலாக ஒன்றும் திருத்தாமல் பக்கத்தைத் திருப்பினார். அவள் உள்ளுக்குள் குதித்தாள்.

அடுத்த வாரம் நெறிமுறைக் குழு கூடியது. திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய்ச் சரிபார்த்த சான்றிதழும் வந்து சேர்ந்திருந்தது. ஒரு மாதக் கெடுவில் பதினொரு நாள் மீதி. பத்து நிமிடத்தில் முடிந்துவிடும் என்று பொன்செல்வி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பத்தாவது நிமிடத்தில் சாம்பசிவன் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“என்ன சார், முடிஞ்சுதா?”

“நான் வெளில வந்துட்டேன். மொழிபெயர்ப்புச் சான்றிதழ்ல என் கையெழுத்து இருக்கே. நானே எழுதி நானே ஒப்புதல் குடுக்கலாமோ? தர்மமில்லை.”

“அது ஷெரி. உள்ள மத்தவங்க பாக்கறாங்கல்ல?”

“பாக்கறா. ஆனா பொது உறுப்பினர் இல்லாம ஓட்டெடுக்கக் கூடாது. நான் வெளில வந்துட்டேனோல்லியோ, கோரம் இல்லை, கூட்டமே செல்லாது.”

பொன்செல்வி அவரையே பார்த்தாள். தெருத் தண்ணீரில் செருப்பைக் கையில் பிடித்து நடந்த ஒன்பது நாளும் அவள் கண் முன்னால் வந்து போயிற்று.

“சார், இது உங்களுக்கு முதல்லயே தெரியுமா?”

“ரூல்புக்ல இருக்கே,” என்றார் சாம்பசிவன். “நீ வாசிச்சிருப்பேன்னு நினைச்சேன்.”

அவள் எழுந்து தண்ணீர்க் குழாய்க்குப் போய் முகம் கழுவினாள். இல்லாவிட்டால் அவள் வாயில் என்ன வந்திருக்கும் என்று அவளுக்கே தெரியாது. குழுவில் இன்னொரு பொது உறுப்பினர் உண்டு, ஷிஜா என்ற சமூக சேவகி. அவர் கோழிக்கோட்டில் பயிற்சி வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். பொன்செல்வி தினம் இரண்டு தடவை போன் செய்தாள். ஐந்தாம் நாள் ஷிஜா, “அம்மே தாயே, நான் வந்தே தீர்றேன், போனை வைங்க,” என்று மலையாளத்தில் கும்பிட்டுவிட்டு ரயிலேறினார். மறு கூட்டம் கூடி, படிவத்தில் முத்திரை விழுந்தபோது மீதி மூன்று நாள்.

இனி ஆளைப் பிடிக்கவேண்டும். பிச்சைக்கனி போன் எடுக்கவில்லை. பொன்செல்வி மதியம் தம்பானூருக்கே போனாள். நடைமேடை மாதிரி நீண்ட சமையலறையில், கல்லுக்கு முன்னால், அவர் மாவை வீசி விரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சூட்டில் நின்றுகொண்டே அவள் கெஞ்சாத குறையாகச் சொன்னாள்.

“அண்ணாச்சி, புதுசா எழுதியிருக்கு. போலி கீலி ஒண்ணும் கிடையாது. வந்து வாசிச்சுப் பாருங்க. வேண்டாம்னா வேண்டாம்.”

“வேண்டாம்னா வுட்டுருவியளா?”

“விட்டுருவோம்.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

மறுநாள் கணவன் மனைவி இரண்டு பேரும் வந்தார்கள். கேமரா ஓடியது. பிச்சைக்கனி முதல் வரியிலிருந்து உரக்க வாசித்தார். இந்தத் தடவை அவர் விரல் எங்கும் தடுக்கவில்லை. குலுக்கல் என்ற இடத்தில், “லாட்டரி மாதிரி,” என்று மாடம்மாளிடம் சொன்னார். மருந்து சேர்க்காத மாத்திரை என்ற இடத்தில் நிமிர்ந்து, “இப்படி எழுதுனா மனுசனுக்கு வெளங்குது,” என்றார். எந்த மாத்திரை என்று டாக்டருக்கும் தெரியாது என்பதை வாசித்துவிட்டுச் சிரித்தார். மாடம்மாள்கூடக் குறுக்கே பேசவில்லை. பொன்செல்விக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. பேனாவின் மூடியைக் கழற்றி மேசையில் தயாராக வைத்தாள்.

பத்தொன்பதாம் பக்கம் வந்தது. உரக்க வாசித்துக்கொண்டிருந்தவரின் குரல் அமுங்கி, உதடு மட்டும் அசைந்தது. அந்த வரியை இரண்டாம் தடவை வாசித்தார். பிறகு தாள்களை ஒன்றுசேர்த்து, ஓரம் தட்டி, அவள் பக்கம் நகர்த்தினார்.

“இது முடியாது சிஸ்டர்.”

“எது அண்ணாச்சி?”

“அந்த ஊசி.” மனைவி இருப்பதால் அவர் தரையைப் பார்த்துப் பேசினார். “மொதத் தடவை எடுத்தப்பொ நாலு நாளு நான் பட்டது எனக்குத்தான் தெரியும். கல்லுக்கு முன்னால நிக்க முடியல. ஒண்ணுக்குப் போனா ரெத்தம். அதை இன்னும் ரெண்டு தடவையா? அந்தப் பழைய தாள்ல இது இருந்துச்சா?”

“இருந்துச்சு.”

“எனக்கு வெளங்கலயே.”

“புரியற மாதிரி எழுதல,” என்றாள் பொன்செல்வி. பிறகு அவளால் பொறுக்க முடியவில்லை. “அண்ணாச்சி, இப்பொ ஊசி போடறது வேற மாதிரி. முன்ன மாதிரி அவ்வளவு வலிக்காது. புது மாத்திரை கிடைச்சா…”

“கெடைச்சா. பாதிக்குப் பாதிதானே? நீங்கதானே எழுதியிருக்கிய.”

“ஆமா.”

“இதுல சேரலைன்னாலும் பழைய மாத்திரை உண்டுன்னும் எழுதியிருக்கு. இருபத்தொண்ணாம் பக்கம்.”

“உண்டு.”

“அப்பொ எனக்கு அது மதி. அது போதும்,” என்றார் பிச்சைக்கனி.

மாடம்மாள் கேமராவைப் பார்த்துத் தெளிவாகச் சொன்னாள்: “அவுக நல்லா வாசிச்சிட்டுத்தான் வேண்டாங்காவ. பதிஞ்சிக்கிடுங்க.”

அவர்கள் போன பிறகு பொன்செல்வி பேனாவை மூடினாள். கதவைச் சாத்தினாள். யார் மேல் கோபப்படுவது? அந்த வரியை எழுதியது அவள். கோர்ட் மொழிபெயர்ப்பாளரே திருத்தாமல் விட்ட ஒரே பத்தி அது. கொஞ்சம் வழவழவென்று எழுதியிருந்தால் அவர் இந்நேரம் கையெழுத்துப் போட்டிருப்பார். அந்த நினைப்பு வந்ததும் அதுவே அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. ஒரு மாதம் நாயாக அலைந்து, ஒரு மனிதருக்கு வேண்டாம் என்று சொல்லக் கற்றுக்கொடுத்திருக்கிறாள்!

டாக்டர் அனுஷாவிடம் போய்ச் சொன்னாள். “பதிவை நான் பாக்கறேன்,” என்றார் அவர். பார்த்துவிட்டு வந்து, “பொன்செல்வி, நான் பதினோரு வருஷமா இந்த வேலை பாக்கறேன். ஒரு நோயாளி பக்க நம்பர் சொல்லிப் பதில் சொன்னதை இன்னிக்குத்தான் பாக்கறேன்,” என்றார்.

“அதை வெச்சு நான் எந்து செய்ய, டாக்டர்? ஆள் கிடைக்கலையே.”

“கிடைக்கலைதான்,” என்றார் டாக்டர். அன்றைக்கே பிச்சைக்கனிக்கு வழக்கமான மாத்திரையை எழுதிக் கொடுத்தார்.

சேராதவர்களின் பட்டியலில் காரணத்தையும் எழுதவேண்டும். ‘நோயாளிக்கு விருப்பமில்லை’ என்று இரண்டு சொல்லில் முடிப்பதே எல்லோருக்கும் வழக்கம். பொன்செல்வி அன்றிருந்த கடுப்பில் கட்டத்துக்கு வெளியே வரை எழுதினாள்: இரண்டு கூடுதல் பயாப்ஸிக்குப் பயந்து மறுத்தார், மருந்துக்குப் பயந்து அல்ல. கம்பெனியின் ஆள் வந்தபோது, ஏன் இவ்வளவு நீளம் என்று கேட்டான். “நீங்க அந்த ஊசியைக் குத்திக்கிட்டுப் பாருங்க, இதைவிட நீளமா எழுதுவீங்க,” என்று அவள் ஆங்கிலத்தில் சொன்னாள். அவன் தலையைக் குனிந்து குறித்துக்கொண்டு போனான்.

செப்டம்பரில் சாலைக் கடைத்தெருவில் பை தைக்கும் யூசுப் என்பவர் வந்தார். தமிழ் மட்டும் வாசிக்கத் தெரிந்தவர். படிவத்தை முக்கால்மணி நேரத்தில் வாசித்துவிட்டு, இரண்டே கேள்வி கேட்டு, கையெழுத்துப் போட்டார். பயாப்ஸி பக்கத்தை அவர் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. “தைக்கிறவனுக்கு ஊசி பயமா சிஸ்டரே?” என்றார். பொன்செல்விக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது, பிச்சைக்கனியை நினைத்து எரிச்சலாகவும் இருந்தது.

நவம்பரில் கம்பெனியிலிருந்து திருத்தம் வந்தது. பல நாடுகளிலும் நோயாளிகள் இதே காரணத்தைச் சொல்லியிருந்தார்களாம். இரண்டாவது பயாப்ஸி இனி விருப்பம் இருந்தால் மட்டும். பொன்செல்வி அன்று ஊசி போட வந்திருந்த பிச்சைக்கனியிடம் ஓடிப்போய்ச் சொன்னாள். அவருக்குப் பி.எஸ்.ஏ. மூன்றுக்கு இறங்கியிருந்தது. பழைய மாத்திரையே நன்றாக வேலை செய்தது. புதிதாக எதிலும் சேர்க்கவேண்டிய தேவை இப்போது இல்லை என்று டாக்டரே சொல்லிவிட்டார். இருந்தாலும் சொல்லவேண்டும் போலிருந்தது அவளுக்கு.

“ரெண்டாவது ஊசி வேண்டாம்னுட்டாங்க, அண்ணாச்சி.”

“மொத ஊசி?”

“அது உண்டு.”

“அப்பொ பாதிதான் திருந்தியிருக்காவ,” என்றார்.

புது மாத்திரை நல்லதா இல்லையா என்று இன்னும் இரண்டு வருடம் கழித்துத்தான் தெரியும். யூசுப் தின்பது எந்த மாத்திரை என்பது பொன்செல்விக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. ஆனால் அந்தப் படிவத்தின் கடைசிப் பக்கத்தில், சந்தேகம் இருந்தால் கூப்பிடவேண்டிய நபர் என்று அவள் கைபேசி எண் இருந்தது. வாசித்த பிரதியை வீட்டுக்குக் கொடுத்தனுப்புவது விதி. பிச்சைக்கனி அந்த எண்ணைத் தம்பானூரில் உள்ள தமிழ் ஆட்கள் எல்லோருக்கும் கொடுத்துவிட்டார். லாட்ஜ் காவலாளி, கட்டட வேலைக்காரர், டீ மாஸ்டர் என்று யார் யாரோ கூப்பிடுகிறார்கள்.

“பிச்சைக்கனி அண்ணாச்சி நம்பர் குடுத்தாவ. மூலத்துக்கு எந்த டாக்டரைப் பாக்கணும்?”

“இது புற்றுநோய் ஆஸ்பத்திரி, சேட்டா.”

“தெரியும். நீங்க தமிழ்ல தெளிவா சொல்லுவியன்னு சொன்னாவ.”

பொன்செல்வி பல்லைக் கடித்துக்கொண்டு, எந்த ஆஸ்பத்திரி, எந்த பஸ், எத்தனை மணிக்கு டோக்கன் கொடுப்பார்கள் என்று சொன்னாள். அந்த ஆள் எழுதிக்கொள்ளப் பேனா தேடினான். அவள் காத்திருந்தாள்.